ஆஸ்பத்திரிக் கட்டிலில் 41 நாள்: பிள்ளையின் மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி?

2022 ஜூலையில் என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அவனுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு ஒட்டன்சத்திரம். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு நான் துணி தைக்கிறேன், அவன் அப்பா காய்கறி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறார். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் தடவையே 41 நாள் இருந்தோம். அப்புறம் போவதும் வருவதுமாக இரண்டரை வருடம் ஓடியது. குழந்தைகளுக்கு வருகிற அந்த வகை ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் குணமாகக்கூடியதுதான், ஆனால் வைத்தியம் ரொம்ப நீளம். இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

கீமோ, ரத்தம் ஏற்றுவது, கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பார்ப்பது எல்லாம் டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையின் மனசுக்கு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத் தப்பாகச் செய்து, பக்கத்துக் கட்டில் அம்மாக்களிடமும் சிஸ்டர்களிடமும் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த நேரத்தில் ஏதோ ஒரு வார்டில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு இதைப் போனில் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்காகத்தான் இது.

"வலிக்காது" என்று சொல்லாதீர்கள்

சேர்த்த நாலாம் நாள் அவனுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டும் என்றார்கள். வார்டில் அதை எல்.பி. என்பார்கள். பிள்ளையைப் பக்கவாட்டில் சுருட்டிப் படுக்கவைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழ் முதுகில் போடுவார்கள். எனக்கே கை கால் நடுங்கியது. அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "சும்மா டாக்டர் மாமா முதுகைத் தொட்டுப் பாப்பாரு, வா சாமி" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனேன். உள்ளே என்ன நடந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. வெளியே வந்த பிறகு இரண்டு நாள் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொடுத்தால்கூட அப்பா கையால்தான் வாங்கினான். மூன்றாம் நாள் காலையில் தலை சீவிவிடச் சீப்பை எடுத்தேன், அதற்கே சுவரோடு போய் ஒட்டிக்கொண்டான். அம்மா கையில் எது இருந்தாலும் அது ஊசியாக இருக்கும் என்று பயந்துவிட்டான்.

ராத்திரி டியூட்டி சிஸ்டர் ஒருவர் அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஊசிய அவன் தாங்கிக்குவாம்மா. நீ பொய் சொன்னதத்தான் அவனால தாங்க முடியல." அதற்குப் பிறகு ஊசி விஷயத்தில் ஒரு தடவைகூட நான் பொய் சொன்னதில்லை.

உண்மையைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையிடம் முந்தின நாளே சொன்னால் ராத்திரி முழுக்கத் தூங்காது. ஊசிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் சொன்னால் போதும். பெரிய பிள்ளைகள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்புவார்கள், அவர்களிடம் முந்தின நாளே சொல்லலாம். என்ன நடக்கும், எங்கே நடக்கும், அம்மா எந்தப் பக்கம் நிற்பேன், எப்போது முடியும், இவ்வளவையும் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். நான் இப்படிச் சொல்வேன்: "இன்னைக்கு முதுகு ஊசி இருக்கு. பஞ்சு வச்சுத் துடைப்பாங்க, அது ஜில்லுனு இருக்கும். அப்புறம் வலிக்கும். நீ இருபது எண்ணு. அம்மா உன் மூஞ்சிக்கு நேராவே நிப்பேன்." இருபதுக்குள் முடியாவிட்டால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

அழக்கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். நான் அவனிடம் சொன்னது, "நீ எவ்வளவு வேணும்னாலும் கத்து, கையை மட்டும் ஆட்டாதே." வார்டே அதிரக் கத்துவான், ஆனால் கை மரக்கட்டை மாதிரி அப்படியே இருக்கும். சிஸ்டர்களுக்கும் அது போதுமாக இருந்தது.

டாக்டரிடமும் சிஸ்டரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டியவை சில உண்டு. நாமாகக் கேட்டால்தான் இவை தெரியவரும். ஊசி போடும் இடத்தில் தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறது, எம்லா என்பார்கள். அதை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தடவி, மேலே ஒட்டி வைக்க வேண்டும், கடைசி நிமிடத்தில் தடவினால் பயன் இல்லை. உங்கள் பிள்ளைக்குப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எல்.பி.யை மயக்கம் கொடுத்துச் செய்கிற இடங்களும் உண்டு, அதையும் கேளுங்கள். கையில் வென்ஃப்ளான், அதாவது டிரிப்ஸ் ஏற்றுகிற சின்னக் குழாய், போடும்போது மல்லாக்கப் படுக்கவைத்து நாலு பேர் பிடிப்பதைவிட, நம் மடியில் உட்காரவைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டிக் கொடுத்தால் பிள்ளையின் பயம் பாதி குறைகிறது. "மடியில வச்சுக்கிறேன் சிஸ்டர், அப்படியே போட முடியுமா?" என்று கேட்டால் பல பேர் சரி என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். ஊசி போடுவதற்கென்று தனி அறை இருந்தால் அங்கேயே போடச் சொல்லுங்கள். பிள்ளை படுக்கிற கட்டிலில் வேண்டாம். கட்டிலில் வைத்துக் குத்த ஆரம்பித்துவிட்டால், வெள்ளை உடையில் யார் அந்தப் பக்கம் நடந்தாலும் பிள்ளை பதறி எழும். இந்தக் கட்டிலில் யாரும் நம்மை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அதற்குத் தெரிந்தால்தான் தூங்கும்.

ஊரில் நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தை ஒன்று இருக்கிறதே, "சாப்பிடலைன்னா நர்ஸ் அக்காகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று, அதை வார்டு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். ஊசி ஏதோ தண்டனை என்று பிள்ளை நம்பிவிடும். நாலிலிருந்து ஏழு வயசுப் பிள்ளைகள் ஏற்கெனவே அப்படித்தான் நினைக்கிறார்கள். தங்கச்சிப் பாப்பாவை அடித்ததால்தான் தனக்கு இந்த நோய் வந்தது என்று என் மகன் மூன்று வாரம் மனசுக்குள் வைத்திருந்தான். ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "இனிமே பாப்பாவ அடிக்கமாட்டேம்மா, டாக்டர்கிட்ட சொல்லிடு" என்றான். பிள்ளை கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே போய்ச் சொல்லுங்கள்: நீ செய்த எதனாலும் இது வரவில்லை, அம்மா அப்பா செய்த எதனாலும் வரவில்லை. ஒரு தடவை சொன்னால் போதாது. வாரம் ஒரு தடவையாவது சொல்லுங்கள்.

நாட்காட்டித் தாள்

ஆஸ்பத்திரியில் காலை எது, மத்தியானம் எது என்றே தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரியும், மருந்து ஏற்றுகிற மிஷின் கீங் கீங் என்று கத்தும், யாராவது வந்து காய்ச்சல் பார்ப்பார்கள். அதனால் நாளுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் நாம்தான் வைத்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டிலிருந்து தினசரி காலண்டரை எடுத்து வரச் சொன்னேன், எல்லா வீட்டிலும் மாட்டியிருக்குமே, ஒவ்வொரு தாளாகக் கிழிக்கிறது. காலையில் பல் விளக்கி, முகம் துடைத்து, அவன்தான் தாளைக் கிழிப்பான். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் அது முடிந்தாக வேண்டும். கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு ஒரு படம் வரைவான். படம் வேண்டாம் என்றால் ஒரு மூஞ்சி மட்டும் போடுவான், சிரிக்கிற மூஞ்சியோ, உம்மென்று இருக்கிறதோ, அழுகிறதோ. டாக்டர்கள் வலி கேட்பதற்கு ஆறு மூஞ்சி வரைந்த அட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. அதைப் பார்த்துத்தான் இதைக் கற்றுக்கொண்டான். வாயால் சொல்லாததை அந்தத் தாளில் காட்டிவிடுவான். தொடர்ந்து மூன்று நாள் உம்மென்று மூஞ்சி வந்தால், ரவுண்ட்ஸில் டாக்டரிடம் நான் அதையும் சொல்வேன்.

இதிலும் ஒரு தப்பு செய்தேன். "இன்னும் பத்து தாள் கிழிச்சா வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் தாளன்று காய்ச்சல் வந்தது. வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். அவன் காலண்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டான். நியாயம்தானே. வீட்டுக்குப் போகும் தேதியை டாக்டரே உறுதியாகச் சொல்ல முடியாது, நாம் எப்படிச் சொல்வது? மீதி எத்தனை நாள் என்று எண்ணவே எண்ணாதீர்கள். எத்தனை நாள் தாண்டிவிட்டோம் என்று எண்ணுங்கள். கிழித்த தாள்களை ஒரு பைண்டர் கிளிப்பில் கோத்துத் தொங்கவிட்டோம். அந்தக் கத்தை தடிக்கத் தடிக்க அதை எடுத்து எடுத்துப் பார்ப்பான்.

காலண்டரைத் தவிர எங்கள் நாளில் இன்னும் மூன்று நிலையான நேரங்கள் இருந்தன. பதினொரு மணிக்குப் படிப்பு, நாலு மணிக்கு ஜன்னல், எட்டு மணிக்குப் பாப்பாவோடு வீடியோ கால். ஜன்னல் என்றால் ஒன்றும் இல்லை, டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வராந்தா ஜன்னல் வரை போய், கீழே போகிற பஸ்களை எண்ணுவது. கவுண்ட் குறைந்து வெளியே விடாத நாட்களில் கட்டிலையே ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன், விட்டார்கள்.

போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரம் காலையிலிருந்து ராத்திரி வரை கையில் போனைக் கொடுத்துவிட்டேன். குறை சொல்ல மாட்டேன், சில நாளில் வேறு வழியே இருக்காது. ஆனால் நாள் முழுக்கப் பார்த்தால், ஊசி நேரத்தில் அதே போனைக் காட்டினால் அவன் கண் அதில் நிற்காது. அப்புறம் போனை ஊசிக்கும் டிரெஸ்ஸிங்குக்கும் வீட்டுக்குப் பேசவும் மட்டும் என்று மிச்சம் பிடித்து வைத்தேன். காகிதக் காத்தாடியை ஊதிச் சுற்றவிடுவதும் சோப்புக் குமிழி விடுவதும்கூட ஊசி நேரத்துக்கு நல்லது. நீளமாக மூச்சு விடும்போது பிள்ளையின் உடம்பு தானாகத் தளர்ந்துவிடுகிறது.

சட்டையும் பொம்மையும்

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கையில் டிரிப்ஸ் ஓடும்போது பிள்ளைக்குச் சட்டை போட முடியாது. டி-ஷர்ட்டைத் தலை வழியாகப் போட்டால் ஒயர் மாட்டும். அதனால் பல பிள்ளைகள் நாள் கணக்கில் வெற்று உடம்போடு கிடக்கிறார்கள். வெற்று உடம்போடு கட்டிலில் கிடந்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்த்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் கூச்சம் இருக்காதா?

நான் செய்தது இதுதான். பழைய பருத்திச் சட்டையின் தோள் தையலை இரண்டு பக்கமும் பிரித்து, கழுத்திலிருந்து கை முனை வரை முழுக்கத் திறக்கிற மாதிரி வைத்து, ஓரம் மடித்துத் தைத்து, டிச் பட்டன் வைத்தேன். ஒரு கைக்கு நாலு பட்டன் போதும். முன்பக்கமும் திறக்க வேண்டும், டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைப்பதற்கு. வெல்க்ரோ வேண்டாம், துவைத்தால் நூல் பிடித்துக்கொள்ளும், தோலிலும் உரசும். கொக்கியும் வேண்டாம், படுத்தால் குத்தும். வென்ஃப்ளான் போட்ட கையைத் திறந்து உள்ளே வைத்து, மேலே பட்டனை அழுத்தினால் ஒரு நிமிடத்தில் சட்டை மாற்றிவிடலாம். உங்களுக்குத் தைக்கத் தெரியாவிட்டால் எந்தத் தையல்காரரிடம் இதைச் சொன்னாலும் அரை மணி நேரத்தில் செய்து கொடுப்பார்.

எந்தச் சட்டை என்று தினமும் அவன்தான் சொல்வான். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குச் சொந்தமாக முடிவு செய்ய எதுவுமே இல்லை. எப்போது எழுவது, எதைச் சாப்பிடுவது, யார் உடம்பைத் தொடுவது எல்லாமே அடுத்தவர் கையில் இருக்கிறது. ஆகவே கொடுக்க முடிந்த சின்ன முடிவுகளையெல்லாம் அவனுக்கே விட்டுவிடுங்கள். மாத்திரையைத் தண்ணீரிலா தேனிலா, இட்லியா இடியாப்பமா, இடது கையா வலது கையா (வரைகிற கையை விட்டுவிட்டு மற்றதில் போடச் சொல்லுங்கள்). ஆனால் உண்மையில் கொடுக்க முடிகிறதைத்தான் கேட்க வேண்டும். "ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்டால் அவன் வேண்டாம் என்பான், பிறகும் போடுவோம். அது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

பொம்மை: மீந்த துணியில் கை கால் வைத்து ஒரு பொம்மை தைத்தேன், உள்ளே பஞ்சுக்குப் பதிலாகத் துணித் துண்டுகள், வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வசதியாக. கவுண்ட் குறைவாக இருக்கும்போது துவைக்க முடியாத எந்தப் பொம்மையும் கட்டிலில் வேண்டாம் என்றார்கள். சிஸ்டர் ஊசியைக் கழற்றிய வெறும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் கொஞ்சம் பிளாஸ்திரியும் கொடுத்தார். பொம்மைக்குக் கதிர் என்று பெயர் வைத்தான். கதிருக்கு டிரிப்ஸ், கதிருக்கு ரத்தம், கதிருக்கு எல்.பி.

முதலில் நான் பொம்மையைத் தைரியசாலியாக நடிக்கவைத்தேன். "பாரு, கதிர் அழவே இல்ல!" அவன் பொம்மையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இல்ல, கதிர் அழுவான்" என்றான். ஓவென்று அழுதான், பொம்மைக்காக. கால் மணி நேரம் இருக்கும். பிறகு பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தான். அன்றிலிருந்து அந்த விளையாட்டில் நான் வாய் திறக்கவில்லை. பிள்ளை பொம்மைக்கு ஊசி குத்தினால் குத்தட்டும், திட்டினால் திட்டட்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் பஞ்சை எடுத்துக் கொடுத்தால் போதும்.

மாத்திரைக் கோபம், மொட்டைத் தலை

முதல் மாதம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது பிள்ளையை ஆளே மாற்றிவிடும். முகம் ஊதும், பசி அடங்காது, சம்பந்தமே இல்லாமல் கோபம் வரும், அழுகை வரும். ராத்திரி இரண்டு மணிக்கு உருளைக்கிழங்கு வேண்டும் என்பான். கொடுத்தால், இது வேறு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவான். ஒரு நாள் என் கன்னத்தில் அறைந்துவிட்டு, அறைந்த அதிர்ச்சியில் அவனே அழுதான்.

இதை டாக்டர் விளக்கிய பிறகு நாங்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தோம். மாத்திரைக் கோபம். "தங்கம், இப்ப மாத்திரைக் கோபம் வந்திருக்கு, நீ கெட்ட புள்ள இல்ல. ஆனா அடிக்கக் கூடாது. தலகாணிய அடி." நோய் என்பதற்காக எல்லா விதிகளையும் விட்டுவிடாதீர்கள். அடிக்கக் கூடாது, பல் விளக்க வேண்டும், இந்த இரண்டு விஷயத்தில் நான் வளைந்து கொடுக்கவில்லை. எதைச் செய்தாலும் யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால், தனக்கு ஏதோ பெரிதாக ஆகப்போகிறது என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். பசிக்கு, எதை எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டு வைத்துக்கொண்டு, சூடாகச் சமைத்ததை ராத்திரிக்கென்று கொஞ்சம் பிளாஸ்கில் தயாராக வைத்திருப்பேன்.

முடி கொட்ட ஆரம்பித்ததும் மொட்டை அடித்துவிட்டோம். தலையணையில் கொத்துக் கொத்தாக முடியைப் பார்ப்பதைவிட அது மேல். எங்கள் ஊரிலிருந்து பழனி பக்கம்தான், மொட்டை எங்களுக்குப் புதிதல்ல. அவனுக்கு அங்கே இரண்டு தடவை அடித்திருக்கிறோம். "இது எந்தச் சாமிக்கும்மா?" என்று கேட்டான். "இது சாமிக்கு இல்ல. மருந்து முடியக் கொட்ட வைக்குது. மருந்து குறைஞ்சதும் திரும்ப முளைக்கும்" என்றேன். அவன் அப்பாவும் கூடவே அடித்துக்கொண்டார்.

பெண் பிள்ளைகளுக்கு இது இவ்வளவு லேசாகப் போகாது. எதிர்க் கட்டிலில் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய பின்னலை வெட்டி அம்மா பத்திரமாக ஒரு பையில் வைத்துக்கொண்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ரவுண்ட்ஸ் வரும்போது பத்துப் பேர் சுற்றி நிற்கிற நேரத்தில் திரையை இழுத்துவிடுங்கள் என்று. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு உடம்பு மறைவு, மாதவிடாய்க்கு வேண்டிய ஏற்பாடு, டாக்டரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம், நண்பர்களோடு பேச இயர்போன், இவை முக்கியம். தங்கள் நோயின் பெயரை அவர்களிடம் மறைத்துப் பயனில்லை. போனில் தேடிவிடுவார்கள். அவர்கள் தேடுவதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும்.

சத்தமே போடாத பிள்ளை

கத்துகிற பிள்ளையைப் பார்த்துத்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். எனக்குப் பயம், சத்தமே போடாத பிள்ளையைப் பார்த்தால்தான். எங்கள் வார்டில் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அம்மாவுக்குக் கைக்குழந்தை, அப்பா லாரி ஓட்டுபவர், பாட்டி வந்து வந்து போவார். முதல் வாரம் அழுதுகொண்டே இருந்தான். அப்புறம் நின்றுவிட்டது. ஊசி போட்டால்கூடச் சுவரையே பார்ப்பான். "சமத்தா ஆயிட்டான்" என்றார்கள். வார்டில் இருந்த பயிற்சி டாக்டர் ஒருவர்தான் அது சமத்து இல்லை என்றார்.

லண்டனில் பிள்ளைகளின் மனசை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1950களில் இதை விடாமல் கவனித்திருக்கிறார். அந்தக் காலத்தில் அங்கே ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க முடியாது. அம்மா கூடத் தங்காமல் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையை 1952இல் அவர் படம் எடுத்துக் காட்டினார். பிள்ளை முதலில் அழுது எதிர்க்கும், பிறகு சோர்ந்து அடங்கும், அதற்கும் பிறகு அம்மா வந்தாலே முகம் கொடுக்காது என்று ராபர்ட்சனும் அவரோடு வேலை செய்த மனநல டாக்டர் ஜான் பௌல்பியும் சொன்னார்கள். 1959இல் அந்த நாட்டு அரசு அமைத்த குழுவே, பெற்றோரைத் தடையில்லாமல் உள்ளே விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்றைக்கு நம் ஊரில் அட்டெண்டர் பாஸ் வைத்துக்கொண்டு நாம் கூடவே இருக்க முடிகிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் எல்லா அம்மாவாலும் கூடவே இருக்க முடியாது. போக வேண்டியிருந்தால், பிள்ளை தூங்கும்போது நழுவிப் போகாதீர்கள். நான் ஒரு தடவை அப்படிப் போய்விட்டு வந்தேன், பாப்பாவைப் பார்க்க. அதன் பிறகு ஒரு வாரம் அவன் என் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினான். சொல்லிவிட்டுப் போங்கள், அழுதாலும் பரவாயில்லை. "நாளைக்கு" என்று சொல்லாதீர்கள், சின்னப் பிள்ளைக்கு நாளை என்றால் புரியாது. "ராத்திரி சாப்பிட்டு, தூங்கி எழுந்து, தாள் கிழிச்சு, இட்லி சாப்பிட்டதும் அம்மா வந்திருப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். துவைத்த பழைய சேலை ஒன்றைப் போர்வையாக விட்டுவிட்டுப் போங்கள். அந்த மூன்று வயதுப் பையனின் அம்மாவும் பிறகு தன் சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மத்தியானத்தில் நாங்கள் முறை வைத்து அவனை மடியில் வைத்துக்கொண்டோம். பத்து நாள் கழித்து ஊசிக்கு மறுபடி அழுதான். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

வருகிற சொந்தங்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். "ஐயோ, எப்படி இருந்த புள்ள" என்பதும், எவ்வளவு செலவாச்சு என்பதும் வராந்தாவில்தான். பிள்ளை கண் மூடியிருந்தால் தூங்குகிறான் என்று நினைக்காதீர்கள், எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். அப்பத்தா வந்தால் அழாமல் இருக்க முடியாது என்று தெரியும், அதனால் நான் அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் ஒரு கதை, போனில். அவன் அப்பா சின்ன வயதில் செய்த குறும்புகள் மட்டும். அதற்காகவே ஏழு மணிக்குக் காத்திருப்பான்.

வீட்டில் இருக்கிற பிள்ளையையும் மறக்கக் கூடாது. பாப்பாவுக்கு மூன்று வயது, அம்மாயி வீட்டில் இருந்தாள். ஒரு மாதம் கழித்து வீடியோ காலில் என்னைப் பார்த்துவிட்டு, அம்மாயியைத்தான் அம்மா என்றாள். அன்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும் அவள் அப்பாவிடம், மகன் வரைந்த காலண்டர் தாளில் ஒன்றைக் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தோம். அவள் கிறுக்கியதை அவர் திரும்பிக் கொண்டுவருவார். அண்ணனுக்கு நோய் வந்தது அவளால் இல்லை, அது அவளுக்கும் தொற்றாது என்று அவளிடமும் சொல்ல வேண்டியிருந்தது.

படிப்பு. அந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்புக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்திருந்தது. டீச்சர் அவனுடைய பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். முடிந்த நாளில் அரைப் பக்கம், முடியாத நாளில் ஒன்றும் இல்லை. பாடத்தைவிட, டீச்சர் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ்தான் பெரிதாக வேலை செய்தது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உன் எடம் அப்படியே இருக்குடா" என்று கத்தினார்கள். நாற்பது தடவையாவது கேட்டிருப்பான். டீச்சரிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நம் முகத்தைப் பார்த்துத்தான் நிலைமையைப் படிக்கிறது. சாப்பிடுங்கள், வீட்டுக்காரரோடு முறை மாற்றித் தூங்குங்கள். தாங்க முடியாத ராத்திரியில் 14416க்குப் பேசலாம், அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். நான் இரண்டு தடவை பேசியிருக்கிறேன்.

பக்கத்துக் கட்டில் காலியானபோது

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் நீண்ட நாள் இருக்கிற வார்டில் இது நடக்கும், அன்று யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தர மாட்டார்கள்.

எங்களுக்கு இடதுபக்கக் கட்டிலில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். என் மகனுக்குச் செஸ் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவன். வேறு வகை நோய், முற்றிப்போயிருந்தது. ஒரு விடியற்காலையில் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். என் மகன் எழுந்து, "அண்ணன் எங்கம்மா?" என்றான். நான் சட்டென்று, "வீட்டுக்குப் போயிட்டான் சாமி" என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாற்பதாம் நாள் டாக்டர் வந்து, நாளை வீட்டுக்குப் போகலாம் என்றார். அவன் துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் வீட்டுக்குப் போகல, நான் வீட்டுக்குப் போகல" என்று கத்தினான். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாயங்காலம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கும்போதுதான் கேட்டான்: "அண்ணன் மாதிரி என்னையும் துணிய சுத்தித்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" அன்று விடியற்காலையில் அவன் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அப்போது சொன்னேன். முதலிலேயே இப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். "அண்ணன் வீட்டுக்குப் போகல. அம்மா தப்பாச் சொல்லிட்டேன். அண்ணன் செத்துப்போயிட்டான். அவனுக்கு இருந்தது வேற நோய், மருந்து எவ்வளவு கொடுத்தும் கேக்கல. உன் உடம்புல மருந்து வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதனாலதான் வீட்டுக்கு அனுப்புறாங்க. நீ நடந்தே பஸ் ஏறி, ஜன்னல் சீட்டுல உட்கார்ந்து வரப்போற." அவன் நிறையக் கேள்வி கேட்டான். அவனுக்கு வலிச்சுதா, அவன் அம்மா எங்கே, செஸ் போர்டு யாருகிட்ட இருக்கு. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். நான் அழுதேன், அவனும் அழுதான். இறந்துபோனதைத் தூங்குகிறான் என்றோ, ஊருக்குப் போய்விட்டான் என்றோ, சாமி கூட்டிக்கொண்டது என்றோ சுற்றி வளைத்துச் சொன்னால், தூக்கத்துக்கும் ஊருக்கும் சாமிக்கும் பிள்ளை பயப்படும். என் பிள்ளை வீட்டுக்கே பயந்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் உடனே எல்லாம் சரியாகிவிடாது. ராத்திரியில் கத்தி எழுவான், குளிக்கப் போனால்கூட நான் வாசலில் நிற்க வேண்டும், படுக்கையை நனைத்தான். நாலைந்து வாரத்தில் மெல்லக் குறைந்தது. குறையாவிட்டால், அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் மருந்தைப் பற்றிக் கேட்பது போலவே இதையும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிப் பையை மட்டும் முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்பி வரச் சொல்லியிருந்தார்கள், எங்களுக்கு அப்படி ஏழு தடவை நடந்தது. டிச் பட்டன் சட்டை மூன்று, துவைத்த சேலை, பிளாஸ்க், சார்ஜர், ஃபைல், காலண்டர். அதோடு அவனுக்கென்று ஒரு சின்னச் சுருக்குப் பை தைத்துக் கொடுத்தேன், அதில் என்ன வைப்பது என்பது அவன் இஷ்டம். கதிர் எப்போதும் அதில்தான் இருந்தான். இரண்டாவது தடவை கிளம்பும்போது பஸ்ஸில் பையைத் திறந்து பார்த்தேன். உள்ளே கதிரோடு ஒரு கறுப்புக் குதிரைக் காயும் இருந்தது. எப்போது எடுத்தான் என்று நான் கேட்கவில்லை. பையை மூடி அவன் மடியிலேயே வைத்தேன்.